சிற்பத்தைக் காட்டுகிறார்கள், ஆற்றை மறைக்கிறார்கள்!

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் மாலை, சீனத்தின் அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரத்துக்கு வந்தார். பிரதமர் மோடி வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு வரவேற்றார். அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதங்கள், கடற்கரைக் கோயில் என்று வரிசையாகக் காட்டினார். உலகத்து ஏடுகளெல்லாம் படம் போட்டன. நம் ஏடுகளும் போட்டன. பல்லவ நாட்டுக்கும் சீனத்துக்கும் இருந்த பழைய உறவைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள்.

எழுதியதில் தவறில்லை. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது உண்மை. 720-ஆம் ஆண்டில் இராசசிம்ம பல்லவன் சீனப் பேரரசுக்குத் தூது அனுப்பியது உண்மை. சீனத்தின் புகியான் மாநிலத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருப்பதும் உண்மை. அதை வைத்துத்தான், தமிழ்நாடும் புகியானும் உறவு மாநிலங்களாக இருக்கலாம் என்று அந்தச் சந்திப்பில் பேசி முடித்தார்கள்.

தோழர்களே, அவ்வளவு பத்திகளிலும் நான் ஒரு பெயரைத் தேடினேன். அது எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெயர் பாலாறு.

காஞ்சி பல்லவனின் தலைநகர். மாமல்லை அவனது கடல்வாயில். தலைநகருக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் நாடு எது? பாலாற்று நாடு. காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன் இராசசிம்மன். மாமல்லையில் கடற்கரைக் கோயிலை எழுப்பியவனும் அவனே. தன் குலத்து முன்னோரின் நீண்ட பெயர்ப் பட்டியலைத் தூணில் பொறித்து அவன் நிறுத்திய இடம் எது தெரியுமா? வாயலூர்! பாலாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்து ஊர். மன்னனுக்கு ஆறு எங்கே முடிகிறது என்பது தெரிந்திருந்தது. அதிபருக்கு ஊர்சுற்றிக் காட்டியவர்களுக்குத்தான் தெரியவில்லை.

வந்தவரின் நாட்டிலே என்ன செய்கிறார்கள் என்று சற்றுப் பார்ப்போம். யாங்சி என்பது அவர்களுடைய பெரிய ஆறு. ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர் நீளம். சோங்சிங் நகரில் கப்பலேறினால், மூன்று பள்ளத்தாக்குகளின் வழியாக இச்சாங் வரை சில நாள் பயணம். கரையில் நிற்கும் கோயில், குன்றின்மேல் மரக்கோபுரம், பழைய போர்க்களம், கவிஞர்கள் தங்கிய ஊர் என்று ஆற்றையே ஒரு நூலாக வைத்து இடங்களை மணிகளாகக் கோத்திருக்கிறார்கள். இன்னும் கீழே போனால் வூகான். 1966-இல் மா சேதுங் நீந்திக் காட்டிய இடம் அது. அங்கே மஞ்சள் கொக்குக் கோபுரம் என்று ஒன்றுண்டு. பெயர் பழமையானது, இன்று நிற்கும் கட்டடமோ 1985-இல் எழுப்பியது! சிமெண்டுக் கட்டடத்தைப் பார்க்க மக்கள் சாரி சாரியாகப் போகிறார்கள். நம்மிடமோ ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கல் இருக்கிறது. அது இருக்கும் வாயலூருக்கு வழிகாட்டத்தான் ஆளில்லை.

சீனத்தார் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. மூன்று பள்ளத்தாக்கு அணைக்காகப் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுவாசலை விட்டுப் பெயர்க்கப்பட்டார்கள். பழைய ஊர்கள் தண்ணீரில் மூழ்கின. யாங்சியில் மட்டுமே வாழ்ந்த ஓங்கில் இனம் ஒன்று 2006-இல் ஆறு முழுதும் தேடியும் கண்ணில் படவில்லை. ஆனால் பட்ட பிறகு பாடம் படித்தார்கள். நடு ஆற்றிலும் கீழ் ஆற்றிலும் மணல் அள்ளுவதை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தடுத்தார்கள். (அள்ளியவர்கள் போயாங் ஏரிக்குப் போய் அதைக் குடைந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதலாளி எந்த நாட்டிலும் முதலாளிதான்.) 2021 சனவரி முதல் நாளிலிருந்து பத்தாண்டுகளுக்கு ஆற்றில் மீன் பிடிக்கக் கூடாது என்று விதித்தார்கள், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மீனவர்கள் வலையைச் சுருட்ட வேண்டியிருந்தது. அவர்களுக்கு இழப்பீடும் மாற்று வேலையும் போதுமா என்ற கேள்வி உண்டு. ஆனாலும் துடுப்பற்ற கடற்பன்றி என்ற மற்றொரு உயிரினம் 2017-இல் 1,012 இருந்தது, 2022-இல் 1,249 ஆயிற்று என்று கணக்குக் காட்டுகிறார்கள். ஆறு செத்தால் கப்பலும் ஓடாது, கடையும் ஓடாது என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இனி நம் ஆற்றுக்கு வருவோம்.

நந்தி மலைப் பகுதியில் பிறக்கிறது பாலாறு. மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழகத்தில் 222. கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் கொடுத்தது பேத்தமங்கலத்தில் தேக்கிய பாலாற்று நீர்தான். வட தமிழகத்திலிருந்து போய் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் பாட்டன்மார் குடித்தது அந்தத் தண்ணீர். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். தமிழகத்துக்குள் வந்தால் வாணியம்பாடி, ஆம்பூர். அப்புறம் வேலூர்: 1806 சூலை 10-ஆம் நாள் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிய கோட்டை. அப்புறம் ஆர்க்காடு. வாலாசாவுக்கு அருகே 1858-இல் கட்டிய பாலாற்று அணைக்கட்டு. அங்கிருந்து ஏரி ஏரியாக நீர் பிரிந்தது. செங்கற்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று அழைத்ததற்கு இந்த ஆறும் ஒரு காரணம்.

காஞ்சியைத் தாண்டினால் பழையசீவரம். ஒரு கரையில் மலைமேல் நரசிம்மர் கோயில். மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதராசரைப் பாரிவேட்டைக்கு இங்கே தூக்கி வருவார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அந்த மலைமேல் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் கண்ணுக்கு எதிரே விரியும். எதிர்க்கரையில் திருமுக்கூடல்.

தொழிலாளத் தோழர்கள் பாலாற்றங்கரையில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், இந்தத் திருமுக்கூடலைப் பாருங்கள் என்பேன். பெருமாளைப் பார்க்க அல்ல, சுவரைப் பார்க்க! பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய பெருங்கல்வெட்டு அங்கே இருக்கிறது. அந்தக் கோயிலோடு சேர்ந்து ஒரு மருத்துவமனை நடந்தது. பதினைந்து படுக்கை. ஒரு மருத்துவர், அறுவைக்கென்று தனி ஆள், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளரைக் கவனிக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். இவர்களில் யாருக்கு எவ்வளவு நெல், என்னென்ன மருந்து கையிருப்பில் இருக்க வேண்டும் என்பதும் கல்லில் இருக்கிறது. கூலியைச் சுவரில் வெட்டி ஊரறிய வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன கூலி என்று எந்த நிறுவனமாவது வாசற்சுவரில் எழுதி வைக்குமா?

மன்னன் காலம் பொற்காலம் என்று ஏமாற வேண்டாம். அதே கல்வெட்டில் வரும் பள்ளியில் சொல்லிக் கொடுத்தவை வேதமும் இலக்கணமும். ஏர் பிடித்தவன் பிள்ளைக்கு அங்கே பலகை போட்டதாகக் கல் சொல்லவில்லை. இருந்தாலும், ஆற்றங்கரையில் பதினைந்து படுக்கைக்கு நெல் ஒதுக்கத் தோன்றிற்றே, அதைச் சொல்லத்தான் வேண்டும். மாமல்லபுரத்துக்குப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவருக்காவது இது தெரியுமா?

கீழே வந்தால் செங்கற்பட்டு. கொளவாய் ஏரிக்கரையில் விசயநகர காலத்துக் கோட்டை. இரயில் பாதை அதன் குறுக்கே போகிறது, உள்ளே அரசு அலுவலகங்கள் வந்துவிட்டன. பக்கத்து வல்லத்தில் மகேந்திர பல்லவன் காலத்துக் குடைவரை. தெற்கே வேடந்தாங்கல். அங்கே வரும் பறவைகளைச் சுட விடமாட்டோம் என்று ஊரார் மல்லுக்கு நின்றார்கள்; 1798-இல் ஆட்சியராக இருந்த பிளேஸ் துரை அந்த உரிமையை எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது உழவனுக்குத் தெரியும். 2020-இல் அந்தச் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, திட்டம் நின்றது. இருநூறு ஆண்டுக்கு முன் ஊரார் கேட்டு வாங்கியதை இன்னொரு முறை கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

திருக்கழுக்குன்றத்து மலையில் பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபம். அதன் சுவரில் ஒல்லாந்தர் பெயர்கள் கீறியிருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி, நம் நெசவாளிகளின் மெல்லிய துணியைக் கப்பலேற்றிய ஒல்லாந்து வணிகக் கம்பெனிக்காரர்கள், ஓய்வு நாளில் மலையேறி வந்து பெயர் வெட்டிவிட்டுப் போனார்கள். நினைவுச் சின்னத்தில் பெயர் கிறுக்கும் பழக்கம் நம் பையன்களுக்கு மட்டும் உரியதென்று இனி யாரும் ஏசாதிருக்கட்டும்! சதுரங்கப்பட்டினத்தில் இடிந்த கோட்டையும், சித்திர வேலைப்பாடுள்ள அவர்கள் கல்லறைகளும் கடலோரம் கிடக்கின்றன. அதற்குப் பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதற்கும் தெற்கே வாயலூர். அங்கே அடுத்துள்ள வசவசமுத்திரத்தில் தமிழக அரசின் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியரின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. பல்லவனுக்கு முன்பே இந்த ஆற்றுமுகம் கடலோடிகளுக்குத் தெரிந்த இடம்.

இத்தனையும் இருந்தும் என்ன நடக்கிறது? சென்னையிலிருந்து பேருந்து வருகிறது, கடற்கரைக் கோயிலில் நிற்கிறது, படம் எடுத்துக்கொள்கிறார்கள், திரும்பிப் போகிறது. ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் 2022-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2021-22-இல் மாமல்லபுரம் வந்த வெளிநாட்டவர் 1,44,984 பேர். தாசுமகாலுக்குப் போனவர் 38,922. தாசுமகாலையே வென்றோம் என்று கொண்டாடினார்கள். அது நோய்க்காலத்துக் கணக்கு, அதை வைத்து அளவுக்கு மீறித் துள்ள வேண்டியதில்லை. அதே ஆண்டு சூலை, ஆகஸ்டில் சதுரங்க ஒலிம்பியாட்டும் அங்கே நடந்தது. 2018-இலேயே நுழைவுக் கட்டணத்தை உள்நாட்டவருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று உயர்த்தினார்கள். பணம் வருகிறது. வருகிற பணத்தில் உளி பிடிப்பவனுக்கு என்ன பங்கு?

1957-இலிருந்து அந்த ஊரில் சிற்பம் கற்றுத்தர அரசு நிறுவனம் இருக்கிறது. கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சிற்பியின் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். உளி போய் மின்சார அறுவை எந்திரம் வந்தபின் வேலை வேகம், தூசியும் வேகம். கருங்கல் தூசி நெஞ்சில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. அர்ச்சுனன் தபசின் முன்னால் நின்று பல்லவச் சிற்பியின் கைத்திறனை வியக்கிறவர்கள், அவன் வழிவந்தவனுடைய நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆற்றின் நிலையோ அதைவிடக் கேவலம். பாலாற்றில் மேலே தண்ணீர் ஓடுவது மழைக்காலத்துச் சில நாள். மற்ற நாளில் தண்ணீர் மணலுக்குள்ளே இருக்கும். மணல்தான் இந்த ஆற்றின் அணை. மணலைப் பிளந்து ஊற்றுக்கால் வெட்டி, அடியில் ஓடும் நீரை வயலுக்குக் கொண்டுபோன சீமை இது. தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக் குழாய்களுக்கும், கல்பாக்கத்துக்கும் இந்த மணலுக்கு அடியிலிருந்துதான் தண்ணீர் போயிற்று. அந்த மணலை லாரி லாரியாக வாரிச் சென்னையில் மாடிமேல் மாடியாக அடுக்கினார்கள். மணல் போனால் நீர் நிற்க இடமேது? நிற்காத இடத்தில் கடல்நீர் உள்ளே ஏறுகிறது.

மேலே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள், மாசு செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடெங்கும் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பு பிறந்தது நம் பாலாற்றுக் கழிவில்தான். பிறகு என்ன ஆயிற்று? 2025 சனவரி 30-ஆம் நாள், அதே ஆற்றுக்காக, அதே கழிவுக்காக, இழப்பீட்டைக் கொடு, மாசு செய்தவனிடம் வசூல் செய், கண்காணிக்கக் குழு அமை என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. இடையில் 28 ஆண்டுகள்! அந்த இடைவெளியில்தான், 2015 சனவரி 31-ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் சேற்றில் புதைந்து மாண்டனர். பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் கெடுக்கும் கழிவு முதலில் கொல்வது தொழிலாளியை. ஆலையை மூடு, ஆளை வெளியே அனுப்பு என்பது நம் கோரிக்கை அல்ல. சுத்திகரிப்புச் செலவு முதலாளியின் இலாபத்திலிருந்து வரட்டும், தொழிலாளியின் வேலையிலிருந்து வர வேண்டாம் என்கிறோம்.

மேல்நிலத்து மாநிலங்களோடு பிணக்கும் உண்டு. 1892-இல் சென்னையும் மைசூரும் செய்த ஒப்பந்தத்தின் பட்டியலில் பாலாறும் இருக்கிறது. ஆந்திரம் தன் எல்லைக்குள் தடுப்பணைகளை உயர்த்திற்று, வழக்கு நடக்கிறது. நம் பங்கைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 2021 நவம்பரில் பாலாற்றில் நொடிக்கு இலட்சம் கனஅடிக்கு மேல் வெள்ளம் வந்ததே, அதில் எவ்வளவை நாம் பிடித்து வைத்தோம்? அண்டை மாநிலத்தைக் கேட்கும் கேள்வி கூர்மையாக இருக்க வேண்டுமானால், சொந்தக் கரையில் மணல் கொள்ளை நின்றிருக்க வேண்டும்.

உல்லாசப் பயணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு இருக்கிறது. ஊரார் ஓர் இடத்தைப் பார்க்க வரத் தொடங்கினால் அங்கே திருட்டு லாரி நுழைவது கடினம். பார்ப்பவர் கண்ணே பாதிக் காவல். பழையசீவரத்தில் தொடங்கி, திருமுக்கூடல், வல்லம், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், வாயலூர் வழியாக மாமல்லபுரம் சேரும் ஒரு பேருந்துத் தடம் விடட்டும். கட்டணம் தொழிலாளி குடும்பம் கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும். கல்வெட்டை வாசித்துச் சொல்ல அந்தந்த ஊர்ப் பிள்ளைகளையே பயிற்றி, மாதச் சம்பளத்தில் நியமிக்கட்டும். மாமல்லபுரத்துக் கட்டண வருவாயில் ஒரு பகுதி சிற்பிகளின் மருத்துவத்துக்கு ஒதுக்கப்படட்டும். திருமுக்கூடலில் நெல் ஒதுக்க முடிந்ததென்றால், நுழைவுச் சீட்டு விற்றுத் தள்ளுகிற இந்தக் காலத்தில் முடியாதா? மீனவக் குப்பங்களை அழகுபடுத்துகிறோம் என்ற பெயரில் பெயர்க்கும் வேலை மட்டும் வேண்டாம். யாங்சியில் அதைச் செய்து பட்ட பழி போதும்.

சென்ற மழைக்காலம் முடிந்த பிறகு வாயலூருக்குப் போயிருந்தேன். தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எதப் பாக்க வந்தீங்க தம்பி?"

"தூண் கல்வெட்டைப் பார்க்க வந்தேன், பெரியவரே."

"கல்லு எங்க போயிடப் போவுது! மொதல்ல ஆத்தப் பாருங்க. தண்ணி நிக்கிற நேரமா வந்துட்டீங்க."

அவரே அழைத்துக்கொண்டு போனார். முகத்துவாரத்தில் 2019-இல் கட்டிய தடுப்பணை. இந்தப் பக்கம் நல்ல தண்ணீர், அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர். பாலத்தின்மேல் வண்டிகளை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாகக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் வீச்சுவலை வீசிக்கொண்டிருந்தார். சுற்றுலாத் துறையின் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. தம் வீட்டுக் கிணறு கரித்த கதையையும், அணைக்குப் பிறகு கரிப்புக் குறைந்த கதையையும் பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார். கல்வெட்டைப் பார்க்கப் போகையில் பொழுது சாய்ந்திருந்தது.